தேக்க வகை மின் நீர் சூடாக்கி

தேக்க வகை மின் நீர் சூடாக்கி என்பது நீரை ஒரு மூடிய கலனில் தேக்கி, மின்னாற்றலால் சூடாக்கி, வேண்டும்போது வெந்நீராகத் தரும் வீட்டுக் கருவி ஆகும். இந்தியாவில் இது பொதுவாகக் கீசர் என்றும், ஹீட்டர் என்றும் அழைக்கப்படுகின்றது. கீசர் என்ற சொல் ஐசுலாந்திலுள்ள கெய்சிர் என்னும் வெந்நீரூற்றின் பெயரிலிருந்து வந்தது. இக்கருவியின் பெரும்பாலான உறுப்புகளைத் தனித்தனியே கழற்றி மாற்ற இயலும். ஆனால், அதன் உட்கலன் அரிக்கப்பட்டு ஒழுகத் தொடங்கினால் கருவியையே மாற்ற வேண்டியிருக்கும். எனவே உட்கலனைக் காப்பதும், பாதுகாப்பு உறுப்புகளை இயங்கும் நிலையில் வைத்திருப்பதுமே பராமரிப்பின் முதன்மையான நோக்கங்கள் ஆகும்.

வரலாறு

1868 ஆம் ஆண்டில் இலண்டனைச் சேர்ந்த பெஞ்சமின் வாடி மாகன் என்பவர் எரிவளியால் இயங்கும் நீர் சூடாக்கி ஒன்றை உருவாக்கி, அதற்குக் கீசர் எனப் பெயரிட்டார். அதில் புகைபோக்கி இல்லாததால் மூடிய குளியலறையில் பயன்படுத்துவது ஆபத்தாக இருந்தது. 1889 இல், நோர்வேயில் பிறந்து அமெரிக்காவின் பிட்சுபர்க் நகரில் பணியாற்றிய எட்வின் ரூட் என்ற பொறியாளர், தானாக இயங்கும் தேக்க வகைச் சூடாக்கியை வடிவமைத்தார். தமிழ்நாட்டு வீடுகளில் மின் சூடாக்கி பரவுவதற்கு முன்னர் விறகடுப்பில் வைத்த தவலையும், நடுவில் நெருப்புக்குழாய் கொண்ட செம்பு பாய்லரும் வெந்நீருக்குப் பயன்பட்டன. விறகு, கரி, கொட்டாங்குச்சி ஆகியன அவற்றின் எரிபொருள்களாக இருந்தன.

அமைப்பு

ஒரு தேக்க வகைச் சூடாக்கியின் முக்கிய உறுப்புகள் பின்வருமாறு:

உட்கலன்: நீர் தங்கும் பகுதி. இது செம்பு, துருவேறா எஃகு, அல்லது உட்புறம் கண்ணாடி எனாமல் பூசப்பட்ட எஃகு ஆகியவற்றால் செய்யப்படுகின்றது. உட்கலனுக்கும் வெளியுறைக்கும் இடையில் வெப்பம் வெளியேறாமல் தடுக்கும் நுரைப்பொருள் நிரப்பப்பட்டிருக்கும்.

வெப்பமூட்டும் சுருள்: வழக்கில் காயில் அல்லது எலிமெண்ட் எனப்படும். உலோகக் குழாயின் நடுவே நிக்ரோம் கம்பி இருக்க, இடைவெளியில் மின்னைக் கடத்தாத மக்னீசியம் ஆக்சைடுத் தூள் அடைக்கப்பட்டிருக்கும்.

தெர்மோஸ்டாட்: நீர் குறித்த வெப்பநிலையை அடைந்ததும் மின்சாரத்தைத் துண்டித்து, குளிர்ந்ததும் மீண்டும் இணைக்கும்.

வெப்பத் துண்டிப்பி: வழக்கில் கட்-அவுட் எனப்படும். தெர்மோஸ்டாட் பழுதாகி நீர் அளவுக்கு மீறிச் சூடானால் மின்சாரத்தைத் துண்டிக்கும்.

பாதுகாப்பு வால்வு: பொதுவாகக் குளிர்நீர் நுழையும் குழாயில் பொருத்தப்படும். கலனில் அழுத்தம் மிகும்போது நீரை வெளியேற்றும்.

நேர்மின்வாய்த் தண்டு: எனாமல் பூசிய எஃகுக் கலன்களில் பொருத்தப்படும் மக்னீசியத் தண்டு. இது வழக்கில் ஆனோடு எனப்படும்.

செயற்பாடு

குளிர்நீர் கலனின் அடிப்பகுதியில் நுழைகின்றது. வெந்நீர் அடர்த்தி குறைந்ததால் மேலே தங்கி, அங்கிருந்து குழாய்க்குச் செல்கின்றது. குளிர்நீர் உள்ளே தள்ளுவதாலேயே வெந்நீர் வெளியேறுவதால் கலன் எப்போதும் நிறைந்தே இருக்கும்.

25 லிட்டர் நீரை 25 பாகை செல்சியசிலிருந்து 60 பாகைக்குச் சூடாக்க ஏறத்தாழ 3,660 கிலோயூல் ஆற்றல் வேண்டும். இது ஒரு யூனிட் மின்சாரத்தைவிடச் சற்றே அதிகம். 2,000 வாட் சுருள் இதற்கு ஏறத்தாழ அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளும். அதே நீருக்கு வழக்கத்தைவிட நேரம் கூடிக்கொண்டே போனால் அதைப் பழுதின் முதல் அறிகுறியாகக் கொள்ளலாம். 230 வோல்ட்டில் இச்சுருள் 8.7 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுப்பதால், இந்தியாவில் 16 ஆம்பியர் இணைப்பு தரப்படுகின்றது.

பராமரிப்பு

நேர்மின்வாய்த் தண்டு

எனாமல் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கக்கூடும். அவ்விடங்களில் எஃகு நீருடன் சேர்ந்து துருப்பிடிக்கும். மக்னீசியம் இரும்பைவிட எளிதில் எலக்ட்ரான்களை இழக்கும் உலோகம். ஆதலால் இரண்டும் ஒரே நீரில் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருக்கும்போது மக்னீசியம் கரைந்து, எஃகு காக்கப்படுகின்றது. கப்பல்களின் செம்புத் தகடுகளைக் காக்க இம்முறையை 1824 இல் அம்ப்ரி டேவி முன்வைத்தார்.

தண்டு முழுவதும் கரைந்துவிட்டால் அடுத்து எஃகே அரிக்கப்படும். இம்மாற்றம் வெளியே தெரிவதில்லை. வெந்நீரும் வழக்கம்போல் வந்துகொண்டிருக்கும். ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை தண்டைக் கழற்றிப் பார்ப்பது நல்லது. பாதிக்கு மேல் கரைந்திருந்தாலோ, நடுவிலுள்ள கம்பி வெளியே தெரிந்தாலோ புதிய தண்டு பொருத்தப்பட வேண்டும். இதன் விலை புதிய சூடாக்கியின் விலையில் ஒரு சிறு பகுதியே ஆகும்.

உப்புப் படிவு

கடின நீரில் கரைந்துள்ள கால்சியம் பைகார்பனேட்டு, சூடாகும்போது சிதைந்து கால்சியம் கார்பனேட்டாகப் படிகின்றது. ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்தும் வீடுகளில் இது மிகுதி. இப்படிவு வெப்பத்தை எளிதில் கடத்தாது. அதனால் நீர் சூடாகத் தாமதமாவதுடன், சுருளின் உறை அளவுக்கு மீறிச் சூடாகி வெடிப்பு விடும். சூடாக்கி இயங்கும்போது கேட்கும் இரைச்சலும் பொரியும் ஒலியும் படிவின் அறிகுறிகள்.

படிவை நீக்க, முதலில் மின்சாரத்தைத் துண்டித்து நீரை ஆறவிட வேண்டும். பின்னர் குளிர்நீர் வால்வை மூடி, வெந்நீர்க் குழாயைத் திறந்து, கலனை வடிக்க வேண்டும். கழற்றிய சுருளின் நீரில் மூழ்கும் பகுதியை மட்டும் வினிகரிலோ சிட்ரிக் அமிலக் கரைசலிலோ ஊறவைத்தால் படிவு இளகும். மின்முனைகள் நனையக்கூடாது. கூரிய கருவியால் சுரண்டுவதும், வீரியமான ஐதரோகுளோரிக் அமிலத்தைப் பயன்படுத்துவதும் உறையைக் கெடுக்கும். மீண்டும் பூட்டும்போது புதிய ரப்பர் வாஷர் போட வேண்டும்.

பாதுகாப்பு வால்வு

25 லிட்டர் நீர் 25 பாகையிலிருந்து 60 பாகைக்குச் சூடாகும்போது ஏறத்தாழ 350 மில்லிலிட்டர் விரிவடைகின்றது. நீர் திரும்பிச் செல்ல வழியில்லாத இணைப்புகளில் இந்த மிகுதி நீர் வால்வின் வழியே சொட்டும். சூடாகும்போது மட்டும் இவ்வாறு சொட்டுவது இயல்பானதே. இதைக் கசிவு என எண்ணி வால்வின் வாயை அடைப்பது மிகவும் ஆபத்தானது. நாள் முழுதும் நிற்காமல் ஒழுகினால், வால்வு பழுதாகியிருக்கலாம் அல்லது குழாயில் அழுத்தம் மிகுந்திருக்கலாம். 10 மீட்டர் உயரத்திலுள்ள மேல்நிலைத் தொட்டி ஏறத்தாழ 1 பார் அழுத்தமே தரும். அழுத்த பம்பு பொருத்திய கட்டடங்களில் இது பன்மடங்கு உயரலாம். ஆகவே கருவி தாங்கக்கூடிய அழுத்த அளவைப் பார்த்தே வாங்க வேண்டும்.

பழுதுகளும் அவற்றின் காரணங்களும்

நீர் சிறிதும் சூடாகவில்லை: மின்சாரம் வராமை, கட்-அவுட் துண்டித்திருத்தல், தெர்மோஸ்டாட் பழுது அல்லது சுருள் அறுந்திருத்தல் காரணமாகலாம். 230 வோல்ட்டில் இயங்கும் 2,000 வாட் சுருளின் மின்தடை ஏறத்தாழ 26 ஓம் இருக்க வேண்டும். கட்-அவுட் அடிக்கடி துண்டித்தால் அதை மீண்டும் மீண்டும் அழுத்திவிடாமல் தெர்மோஸ்டாட்டைச் சோதிக்க வேண்டும்.

போட்டவுடன் மின் துண்டிப்பி விழுகின்றது: சுருளின் உறை வெடித்து நீர் உள்ளே புகுந்திருக்கலாம். சுருள் மாற்றப்பட வேண்டும்.

நீரைத் தொட்டால் மின்னதிர்ச்சி உணரப்படுகின்றது: சுருளில் மின்கசிவு ஏற்பட்டு, எர்த் இணைப்பும் சரியில்லாமல் இருக்கலாம். இது உயிருக்கு ஆபத்தானது. உடனே முதன்மை இணைப்பைத் துண்டித்து, மின்பணியாளர் சோதிக்கும் வரை பயன்படுத்தக்கூடாது.

வெந்நீரில் அழுகிய முட்டை நாற்றம்: நீரிலுள்ள சல்பேட்டைச் சில பாக்டீரியாக்கள் ஐதரசன் சல்பைடாக மாற்றுவதால் உண்டாவது. மக்னீசியத் தண்டு இதற்குத் துணைபுரிவதால், அலுமினியம்-துத்தநாகத் தண்டு மாற்றாகப் பொருத்தப்படுகின்றது.

வெளியுறையின் அடியில் நீர் கசிகின்றது: குழாய் இணைப்பிலோ வாஷரிலோ இருந்து கசிந்தால் சரிசெய்யலாம். உட்கலனிலிருந்து கசிந்தால் சூடாக்கியை மாற்ற வேண்டும். அரிக்கப்பட்ட எனாமல் கலனைப் பற்றவைத்தால் சுற்றியுள்ள பூச்சும் கெட்டு, மீண்டும் ஒழுகும்.

பாதுகாப்பு

தெர்மோஸ்டாட், கட்-அவுட், பாதுகாப்பு வால்வு ஆகிய மூன்றும் ஒருங்கே செயலிழந்தால் சூடாக்கி வெடிக்கக்கூடும். அழுத்தத்தில் உள்ள நீர் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் சூடாகும். கலன் பிளந்ததும் அதன் ஒரு பகுதி நொடியில் நீராவியாக மாறுகின்றது. நீர் ஆவியாகும்போது அதன் பருமன் ஏறத்தாழ 1,600 மடங்காகின்றது. எனவே இம்மூன்றில் எதையும் நீக்கிவிட்டு நேரடி இணைப்புக் கொடுக்கக்கூடாது.

புதிதாகப் பொருத்தியபோதும், நீரை வடித்த பின்னரும், வெந்நீர்க் குழாயில் நீர் தொடர்ந்து வந்த பிறகே மின்சாரத்தைப் போட வேண்டும். நீரில்லாமல் இயங்கினால் சுருள் விரைவில் எரிந்துவிடும். எர்த் இணைப்புடன், மின்கசிவைக் கண்டறிந்து துண்டிக்கும் கருவியும் இருத்தல் வேண்டும்.

வெப்பநிலையைத் தேர்வதில் இரு கூறுகள் கருதப்படுகின்றன. 60 பாகை நீர் சில நொடிகளிலேயே தோலைப் புண்ணாக்கும். குழந்தைகளுக்கும் முதியோருக்கும் இன்னும் விரைவில் காயம் ஏற்படும். மறுபுறம், நுரையீரல் அழற்சியை உண்டாக்கும் லெஜியோனெல்லா பாக்டீரியா வெதுவெதுப்பான தேங்கிய நீரில் பெருகும். 60 பாகையில் அது அழிகின்றது. ஆகவே நீரை 60 பாகையில் தேக்கி, குளியலறைக் குழாயில் குளிர்நீருடன் கலந்து பயன்படுத்துவது பரிந்துரைக்கப்படுகின்றது. வாளியில் முதலில் குளிர்நீரையும் பின்னர் வெந்நீரையும் விடுவது தீக்காயத்தைத் தவிர்க்கும் எளிய வழியாகும்.