டயட்டீஷியனைப் பார்க்க வேண்டுமா? பதிவேடு திறக்கும்வரை என்ன செய்வது?

துணை மருத்துவப் பணியாளர் சட்டத்தை 2024 அக்டோபர் 12-க்குள் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்று மத்திய, மாநில அரசுகளுக்கு உச்ச நீதிமன்றம் கெடு விதித்திருந்தது. அந்தச் செய்தி வெளியானதிலிருந்து பெரம்பலூர், அரியலூர் வாசகர்கள் ஒரே சந்தேகத்தைப் பல விதமாக எழுதிக் கேட்கிறார்கள்: “இனி டயட்டீஷியன் எல்லாருக்கும் அரசு லைசென்ஸ் இருக்குமா? நம்பிப் பணம் கட்டலாமா?”

கெடு தேதி கடந்துவிட்டதால் மட்டும் லைசென்ஸ் வந்துவிடாது. அதற்கான காரணம் சட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது.

2021 மார்ச்சில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற சட்டம் இது. பிசியோதெரபிஸ்ட், லேப் டெக்னீஷியன் வரிசையில் டயட்டீஷியனையும் ஊட்டச்சத்து நிபுணரையும் சேர்த்திருக்கிறது. ஒவ்வொரு மாநிலமும் ஒரு மன்றம் அமைக்க வேண்டும். மன்றம் பதிவேடு திறக்க வேண்டும். உரிய படிப்பு உள்ளவர்களின் பெயர் அதில் ஏறும். பெயர் ஏறாமல் தொழில் செய்தால் ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதம். படிக்கும்போது நல்ல சட்டம்தான்.

ஆனால் தண்டனை முழுக்க அந்தப் பதிவேட்டை நம்பி நிற்கிறது. மன்றம் அமைக்க மாநிலங்களுக்குத் தரப்பட்ட அவகாசம் ஆறு மாதம். மூன்று ஆண்டு கடந்த பிறகும், 2024-ல் பல மாநிலங்களில் மன்றமே இருக்கவில்லை. அமைத்த இடங்களிலும் அது இயங்கவில்லை என்பதைக் கண்டுதான் நீதிமன்றம் கெடு விதித்தது. பதிவேடு இல்லாத இடத்தில், முறையாகப் படித்தவர் தன் பெயரை எங்கே பதிவார்? படிக்காதவர் பதிவு செய்யவில்லை என்று யார் மீது, எதை வைத்து வழக்குப் போடுவது? ஐந்து ஆண்டு உணவியல் படித்து, மருத்துவமனையில் பயிற்சி எடுத்தவரும், சில வார ஆன்லைன் சான்றிதழ் வைத்திருப்பவரும் ஒரே மாதிரி போர்டு மாட்டிக்கொள்ள முடிகிறது. ஆகவே இப்போதைக்கு யாராவது “அரசுப் பதிவு பெற்றவர்” என்று சொன்னால், எந்த மன்றத்தின் பதிவு, எண் என்ன என்று கேளுங்கள். இந்திய உணவியல் சங்கம் தேர்வு வைத்துத் தரும் ‘ஆர்.டி.’ (ரிஜிஸ்டர்டு டயட்டீஷியன்) தகுதி மதிக்கத்தக்கது. ஆனால் அது சங்கம் தருவது, அரசு உரிமம் அல்ல.

பதிவேடு திறந்த பிறகும் எனக்கு ஒரு கவலை உண்டு. இலவசமாக எடை பார்த்து, உடம்பில் கொழுப்பு எத்தனை சதவீதம் என்று இயந்திரத்தில் காட்டி, கடைசியில் பவுடர் டப்பாவை நீட்டுகிறவர், “நான் சிகிச்சை செய்யவில்லை, ஆரோக்கியப் பயிற்சிதான் தருகிறேன்” என்று நழுவிவிடுவார். அந்த டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். ஊட்டச்சத்துத் துணைப்பொருள்களில் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று அச்சிட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. சர்க்கரைக்கு மருந்து என்று வாய் சொல்வதை லேபிள் மறுக்கும்.

சரி, டயட்டீஷியன் யாருக்குத் தேவை? சர்க்கரை மட்டும், அல்லது ரத்த அழுத்தம் மட்டும் என்றால் முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். பரிசோதனை, மாத்திரை இரண்டும் இலவசம். தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. ஆனால் உணவு ஆலோசனை “அரிசியைக் குறைங்க” என்ற அளவில் நின்றுவிடுகிறது. இது அந்தத் திட்டத்தின் பெரிய குறை.

இரண்டு நோய் சேரும்போது நிபுணர் கட்டாயம். சர்க்கரைக்காரருக்குக் கீரையும் பருப்பும் நல்லது. அவருக்கே சிறுநீரகமும் கெட்டிருந்தால் அந்தக் கீரையில் உள்ள பொட்டாசியம் ஆபத்தாகலாம். இளநீருக்கும் அதே எச்சரிக்கை. சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதில் பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருப்பார்கள். ரத்த அழுத்தத்துக்காக அதை வாங்கிய சிறுநீரக நோயாளி தனக்கே கேடு தேடிக்கொள்கிறார். எந்தக் காயை எவ்வளவு சாப்பிடலாம், எதை வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட வேண்டும் என்பதை ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். கர்ப்பகாலச் சர்க்கரை, இன்சுலின் போடும் குழந்தை, காரணமில்லாமல் எடை குறைபவர் ஆகியோரும் தள்ளிப்போடக் கூடாது.

நல்ல ஆலோசகரை அவர் கேட்கும் கேள்வியில் கண்டுகொள்ளலாம். ரேஷன் அரிசியா, கடை அரிசியா, வயல் வேலையா, எத்தனை மணிக்குச் சாப்பாடு என்று விசாரிப்பவர் நமக்கானவர். வேப்பந்தட்டையில் இருப்பவருக்கு ஓட்ஸும் ப்ரோக்கோலியும் எழுதிக் கொடுப்பவர் அல்ல.

எங்கே போவது? அரியலூரில் 2022-ல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் விசாரியுங்கள். பெரம்பலூரில் அரசு மருத்துவக் கல்லூரி இல்லை. மாவட்டத் தலைமை மருத்துவமனை மருத்துவரிடம் பரிந்துரை கேளுங்கள்.

என்ன எடுத்துப்போவது? கடைசிப் பரிசோதனை முடிவும், சாப்பிடும் எல்லா மாத்திரைகளும்.

புரதப் பவுடர் வேண்டுமா? மூன்று பங்கு தானியத்துக்கு ஒரு பங்கு பருப்பு சேர்த்தாலே புரதத்தின் தரம் உயரும் என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்.

சோற்றை ஒரேயடியாக நிறுத்தலாமா? இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தினால் சர்க்கரை அபாய அளவுக்குக் குறையலாம்.

மாத்திரையை விட்டுவிடுங்கள், உணவே போதும் என்று ஆலோசகர் சொன்னால்? எழுந்து வந்துவிடுங்கள்.