குளிர்காலக் கேம்பர்வேன்: கூரையில் 200 வாட், பேட்டரிக்கு வருவது எவ்வளவு?

நமக்கு ஜூன், ஜூலை என்றால் வெயிலும் புழுக்கமும். நியூசிலாந்தில் அதுவே நடுக்குளிர்காலம். அந்த மாதங்களில் அங்குள்ள தென் தீவைச் சுற்றிப் பார்க்கப் போகும் மலேசிய, சிங்கப்பூர்க் குடும்பங்களில் சில, ஹோட்டலுக்குப் பதிலாகக் கேம்பர்வேனை வாடகைக்கு எடுக்கின்றன. படுக்கை, அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, ஹீட்டர் எல்லாம் ஒரே வண்டியில். பல வண்டிகளின் கூரையில் சோலார் தகடும் இருக்கும். தகடு இருக்கும்போது மின்சாரத்துக்கு என்ன கவலை என்று கிளம்பிவிடுகிறார்கள்.

தென் தீவின் உட்பகுதியில் உள்ள டெக்காப்போ ஏரிப் பக்கம், ஜூலை இரவுகளில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இறங்குவது வழக்கம். வண்டியில் உள்ள டீசல் ஹீட்டர், பெயருக்கு ஏற்ப டீசலில் எரிந்தாலும், சூடான காற்றைத் தள்ளும் விசிறிக்கும் நெருப்பைப் பற்றவைக்கும் கம்பிக்கும் பேட்டரியில் இருந்துதான் மின்சாரம் வரவேண்டும். பேட்டரி வற்றினால், தொட்டி நிறைய டீசல் இருந்தும் ஹீட்டர் நின்றுவிடும். பின்னிரவில், பிள்ளைகள் நல்ல தூக்கத்தில் இருக்கும்போதுதான் பெரும்பாலும் அது நிற்கும்.

இதைத் தவிர்க்க வேண்டுமானால், தகட்டில் ஒட்டியிருக்கும் எண்ணை விட்டுவிட்டு, அன்றாடம் பேட்டரிக்கு உண்மையில் என்ன வந்தது என்று அளந்து பார்க்கவேண்டும்.

200 வாட் என்று தகட்டில் எழுதியிருப்பது ஆய்வுக்கூடக் கணக்கு. ஒரு சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளி நேராக விழ, தகட்டின் சில்லுகள் 25 டிகிரி செல்சியஸில் இருந்தால் கிடைக்கும் அளவு அது. கோலாலம்பூரில் மேகமில்லாத நண்பகலில் அதை ஓரளவு நெருங்கலாம். ஜூன் மாதத்தில்கூட நம் சூரியன் நண்பகலில் அடிவானத்தில் இருந்து ஏறக்குறைய 70 பாகை உயரத்தில், கிட்டத்தட்டத் தலைக்கு மேல் நிற்கிறது. தென் தீவில் உள்ள கிறைஸ்ட்சர்ச் நகரிலோ, அதே ஜூன் 21ஆம் தேதி வாக்கில் நண்பகல் சூரியன் 23 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. பகல் பொழுதும் 9 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவுதான்.

கூரையில் மல்லாந்து கிடக்கும் தகட்டின் மீது 23 பாகையில் சாய்ந்து வரும் கதிர், நேராக விழும் கதிரில் 40 விழுக்காட்டைக்கூடத் தொடாது. மேகத்தையும் குறுகிய பகலையும் சேர்த்துப் பார்த்தால், கிறைஸ்ட்சர்ச்சில் ஜூன் மாதச் சராசரி நாளொன்றில் ஒரு சதுர மீட்டர் சமதளத்துக்குக் கிடைக்கும் ஒளி சுமார் ஒன்றரை கிலோவாட் மணி. டிசம்பரில் அதே இடத்தில் இதைப்போல் நான்கு மடங்கு கிடைக்கிறது.

இப்போது வீட்டுக் கணக்குப் போல் போட்டுப் பார்க்கலாம். 200 வாட் தகடு, ஒன்றரை மணி நேரத்துக்குச் சமமான முழு வெயில்: 300 வாட் மணி. கம்பி, கண்ட்ரோலர், அழுக்கு, நிழல் என்று கால் பங்கு கழிந்தால் மிஞ்சுவது 220 சொச்சம். செலவுப் பக்கம் என்ன? ஹீட்டர் சராசரியாக 20 வாட் என்று 10 மணி நேரம் ஓடினால் 200. குளிர்சாதனப் பெட்டிக்கு 300 என்று வைத்துக்கொள்ளலாம். விளக்கு, தண்ணீர்ப் பம்பு, நான்கைந்து கைப்பேசிகள் என்று இன்னொரு 100. ஆக வரவு 220, செலவு 600.

100 ஆம்பியர் மணி கொண்ட ஈய அமில வகைப் பேட்டரியில், கெடுதல் இல்லாமல் எடுக்கக்கூடியது பாதிதான், அதாவது 600 வாட் மணி. குளிரில் அதுவும் குறையும். முழு பேட்டரியோடு புறப்படும் குடும்பத்துக்கு முதல் இரவு சிக்கல் இல்லாமல் கழியும். “சோலார் நன்றாக வேலை செய்கிறது” என்று மறுநாள் காலையில் சொல்லிக்கொள்வார்கள். அது உண்மையில் வாடகைக்கு விட்டவர் ஏற்கெனவே நிரப்பிக் கொடுத்த மின்சாரம். இரண்டாம் இரவில்தான் கணக்கு உதைக்கும்.

தோட்டத்து லயத்தில் கார் பேட்டரியை வைத்துக் கறுப்பு வெள்ளை டிவி பார்த்த பெரியவர்களுக்கு இது புதிதல்ல. படம் சுருங்கத் தொடங்கும்போதுதான் பேட்டரியின் நினைவே வரும்.

குளிர்தான் தகட்டைக் கெடுக்கிறது என்ற எண்ணமும் பரவலாக உள்ளது. அது தவறு. தகடு சூடாகும்போதுதான் அதன் ஆற்றல் குறைகிறது, ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 முதல் 0.4 விழுக்காடு வரை. ஈப்போவில் வீட்டுக் கூரையில் 60 டிகிரிக்குக் கொதிக்கும் தகடு, அந்த வெப்பத்தாலேயே எட்டில் ஒரு பங்கை இழக்கிறது. குளிர்ந்த தகடு, கிடைக்கும் ஒளியை இன்னும் நன்றாக மின்சாரமாக்கும். குறைவது ஒளி மட்டுமே.

சரி, எப்படி அளப்பது? பலரும் செய்யும் தவறு, நண்பகலில் ஒருமுறை மீட்டரைப் பார்த்து, “70 வாட் வருகிறது, போதும்” என்று முடிவு கட்டுவது. அது அந்த நொடியின் வேகம். நாள் முழுவதும் ஓடிய தூரம்தான் தேவை. அதற்கு அளவு வாட் மணி.

இன்றைய எம்.பி.பி.டி. வகைச் சார்ஜ் கண்ட்ரோலர்கள் பலவற்றில் இந்தக் கணக்கு தானாகவே பதிவாகிறது. எடுத்துக்காட்டாக, விக்ட்ரான் நிறுவனத்தின் புளூடூத் வசதியுள்ள கண்ட்ரோலர்கள், கைப்பேசிச் செயலியில் கடந்த 30 நாள் வரவை நாள்வாரியாகக் காட்டும். அன்றைய மிக உயர்ந்த வாட், பேட்டரியின் மிகக் குறைந்த வோல்ட் ஆகியவையும் அதிலேயே இருக்கும். செலவையும் சேர்த்து அறிய, பேட்டரியின் எதிர்முனைக் கம்பியில் ஷண்ட் என்ற சிறு கருவியைப் பொருத்துகிறார்கள். உள்ளே போவதும் வெளியே வருவதும் அதன் வழியாகவே போகவேண்டும். ஒரு விளக்கின் கம்பியை நேராகப் பேட்டரியில் மாட்டிவிட்டாலும் கணக்கு பொய்த்துவிடும்.

இந்த எண்ணை அப்படியே நம்பவும் முடியாது. பேட்டரி நிறைந்துவிட்டால் கண்ட்ரோலர் வரவைத் தானே குறைத்துவிடும். அன்று 150 வாட் மணி என்று காட்டினால், தகடு அவ்வளவுதான் தந்தது என்று பொருளில்லை. பேட்டரிக்கு அவ்வளவுதான் தேவைப்பட்டது என்றும் இருக்கலாம். பிரித்தறிய ஒரு வழி உண்டு. பேட்டரி ஓரளவு குறைந்திருக்கும் நாளைத் தேர்ந்தெடுத்து, வண்டியைக் காலை முதல் மாலை வரை திறந்த வெளியில் நிறுத்த வேண்டும். சூரியன் மறையும் நேரத்திலும் கண்ட்ரோலர் ‘பல்க்’ நிலையிலேயே இருந்தால், அந்த எண் தகட்டின் முழு உழைப்பு. நண்பகலிலேயே ‘ஃபுளோட்’ நிலைக்குப் போயிருந்தால், அந்த நாளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஒரு நாள் அளவும் போதாது. தெளிந்த வானத்தில் 300ஐத் தாண்டும் தகடு, கருமேகம் மூடிய நாளில் 100ஐக்கூடத் தொடாமல் போகலாம்.

லித்தியம் பேட்டரி உள்ள வண்டியில் இன்னொரு குழப்பம் வரும். உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக்கூடாது. நல்ல பேட்டரியின் பாதுகாப்புச் சுற்று தானாகவே தடுத்துவிடும். காலையில் பளிச்சென்று வெயில் அடித்தும் மீட்டர் பூஜ்யம் காட்டினால், தகடு பழுது என்று பதறும் முன் பேட்டரியின் வெப்பநிலையைப் பார்க்க வேண்டும்.

அடுத்தது நிழல். கூரையில் 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும் காற்றுத் துளை மூடியின் நிழல், கிறைஸ்ட்சர்ச்சின் கோடை நண்பகலில் 7 சென்டிமீட்டர்தான். குளிர்கால நண்பகலில் அது 47 சென்டிமீட்டராக நீள்கிறது, காலையிலும் மாலையிலும் அதைவிட நீளம். தகட்டின் சில்லுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டிருப்பதால், சிறிய நிழல்கூட ஒரு பெரும் பகுதியை முடக்கிவிடும். அங்கே சூரியன் வடக்குப் பக்கமாகவே போகிறது. மூடி தகட்டுக்குத் தெற்கே இருக்குமாறு வண்டியைத் திருப்பி நிறுத்துவதே சில நாள்களில் மீட்டரில் தெரியும் வித்தியாசத்தைத் தருகிறது. இதற்குக் காசு செலவில்லை.

சொந்த வண்டி வைத்திருப்போர் தகட்டை வடக்கு நோக்கி 60 பாகைக்கு மேல் நிமிர்த்தி வைக்கிறார்கள். தெளிந்த நாளில் நண்பகலில் நேர்க்கதிர் இரண்டு மடங்குக்கு மேல் கிடைக்கும், மேகமூட்டத்தில் பெரிய பலன் இல்லை. வாடகை வண்டியில் பெரும்பாலும் இதற்கு வழியிருக்காது. மாறாக, ஓடும் எஞ்சினில் இருந்து 30 ஆம்பியர் தரும் சார்ஜர் வண்டியில் இருந்தால், ஒரு மணி நேர ஓட்டத்தில் 380 வாட் மணி வரை ஏறும். கூரைத் தகடு ஒன்றரை நாளுக்கு மேல் பாடுபட்டுத் தருவது அது. மேலே சொன்ன 380 பற்றாக்குறையும் அதோடு சரியாகிவிடுகிறது. ஒரே இடத்தில் இரண்டு மூன்று நாள் தங்குவோர், மின் இணைப்புள்ள ஹாலிடே பார்க்கில் இடம் எடுப்பதே நல்லது. ஹீட்டர் நின்றுவிட்டது என்று உள்ளே கேஸ் அடுப்பை எரியவிட்டுக் குளிர் காய்வது மட்டும் வேண்டாம். மூடிய வண்டிக்குள் சேரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே உயிரைக் குடித்துவிடும்.

செயலியோ ஷண்டோ இல்லாத வண்டியில், பேட்டரியின் வோல்ட் காட்டும் பலகை மட்டும் இருக்கும். வெயில் நேரத்தில் அது 13, 14 என்று காட்டுவது சார்ஜரின் வோல்ட், பேட்டரியின் இருப்பு அல்ல. சூரியன் எழுவதற்கு முன், எல்லாவற்றையும் அணைத்து அரை மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும். ஈய அமில வகையில் 12.2 வோல்ட் என்றால் ஏறக்குறைய பாதிதான் மிச்சம். லித்தியம் வகையில் கிட்டத்தட்டக் காலியாகும் வரை வோல்ட் அதிகம் இறங்காது என்பதால் இந்த முறை உதவாது. ஆகவே சாவியை வாங்கும்போதே கவுண்டரில் கேட்டுக்கொள்ளலாம்: பேட்டரி எந்த வகை, எத்தனை ஆம்பியர் மணி, எஞ்சின் ஓடும்போது அது சார்ஜ் ஆகுமா?