மறுபடியும் எப்போது ஆடலாம், ஐயா?



குதிகால் வலி என்று நமது ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் பலதரப்பட்டவர்கள். நாள் முழுவதும் சிமெண்டுத் தரையில் நின்று வேலை செய்யும் தொழிலாளிகள் உண்டு. மூன்று மாடி ஏறித் தண்ணீர்க்குடம் சுமக்கும் தாய்மார் உண்டு. இவர்கள் எல்லாரும் வைத்தியரிடம் கேட்பது, "வலி எப்போது போகும்?" என்பதே. மாலையானால் பந்தோடு மைதானத்துக்குப் போகிறவர்களோ வேறொரு கேள்வியை வைத்திருக்கிறார்கள். வைத்தியரிடம் கேட்கத் தயங்கினாலும், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது என்னிடம் கேட்டுவிடுகிறார்கள்: "மறுபடியும் எப்போது ஆடலாம், ஐயா?"

இக்கேள்வியை அற்பமாக எண்ணலாகாது. புளியந்தோப்பிலும் அதையடுத்த வியாசர்பாடியிலும் கால்பந்து வெறும் பொழுதுபோக்கு அல்ல. வியாசர்பாடிக்குக் 'குட்டி பிரேசில்' என்று பட்டப்பெயர் உண்டு. இரயில்வே, சுங்கம், காவல்துறை முதலான இடங்களில் விளையாட்டு வீரர்களுக்கென்று வேலை ஒதுக்கீடு இருப்பதால், நன்றாக ஆடும் பிள்ளையின் கால்களை நம்பி ஒரு குடும்பமே காத்திருப்பதும் உண்டு. வேலைக்கு வயது கடந்தவர்களுக்கோ, ஞாயிற்றுக்கிழமை மாலை நண்பர்களோடு ஆடும் ஒரு மணி நேரமே வாரத்தின் பாரத்தை இறக்கி வைக்கும் இடம். ஆகவே இதற்குச் சரியான பதில் என்னவென்று நமது எலும்பு வைத்தியர்களும் பிசியோதெரபி ஊழியர்களும் பிணியாளருக்கு விளக்குகிறவற்றை இங்கே சாதாரண நடையில் எழுதுகிறேன்.

வலி எங்கிருந்து வருகிறது?

நமது ஒவ்வொரு பாதத்திலும் 26 எலும்புகள் உள்ளன. அவை வில்லைப்போல வளைந்து நிற்கின்றன. அந்த வில்லுக்கு நாண் போல, குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை ஒரு தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது. கால் பெருவிரலை மேல்நோக்கி வளைத்துப் பிடித்தால், உள்ளங்காலில் அந்த நாண் விறைத்து எழும்புவதை உங்கள் விரலாலேயே தொட்டு அறியலாம். ஹிக்ஸ் என்ற பிரிட்டிஷ் வைத்தியர் 1954-ஆம் ஆண்டில் இந்த அமைப்பை விளக்கி எழுதினார். நாம் அடியெடுத்து வைக்கும்போதெல்லாம், முக்கியமாக ஓடும்போதும் குதிக்கும்போதும், இந்த நாண் விறைத்துப் பாதத்தைத் தாங்குகிறது.

காசிமேட்டில் படகைக் கட்டும் கயிறு, கட்டையில் உராயும் இடத்தில் இழை இழையாக நைவதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோல இப்பட்டையும் குதிகாலோடு சேரும் இடத்தில் நைந்துபோகிறது. இதைத்தான் வைத்தியர்கள் 'பிளான்டார் ஃபேஸியைட்டிஸ்' என்கிறார்கள். அதிக நேரம் நிற்றல், கட்டாந்தரையில் ஓடுதல், சரீர எடை கூடுதல், கெண்டைக்கால் தசை இறுகியிருத்தல், சில மாதங்கள் சும்மா இருந்துவிட்டுத் திடீரென்று ஆட்டத்தை அதிகப்படுத்துதல் ஆகியவை இதற்கு வழி செய்கின்றன. காலையில் படுக்கையை விட்டு எழுந்து வைக்கும் முதல் அடியில் ஆணி குத்துவதுபோல வலிக்கும். சற்று நடந்தால் குறையும். இரவெல்லாம் சுருங்கிக் கிடந்த பட்டை முதல் அடியில் திடீரென்று இழுபடுவதே காரணம்.

எக்ஸ்ரேயில் குதிகாலில் முள் போல எலும்பு வளர்ந்திருப்பதைக் கண்டு பலர் பயந்துபோகிறார்கள். வலியே இல்லாத அநேகருக்கும் அந்த முள் இருக்கிறது. அதை வெட்டி எடுத்தால்தான் சுகம் என்று எண்ண வேண்டாம்.

எல்லாக் குதிகால் வலியும் ஒன்றல்ல

சில அடையாளங்கள் இருந்தால் தாமதமின்றி வைத்தியரிடம் காண்பிக்க வேண்டும். குதிகாலை இரண்டு பக்கமும் அழுத்தினால் கடுமையாக வலித்தால் எலும்பில் மயிரிழை முறிவு இருக்கலாம். இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தல், காய்ச்சல், எரிச்சலோடு மரத்துப்போதல் ஆகியவையும் வேறு வியாதியைக் காட்டக்கூடும். வாலிபருக்கு இரண்டு குதிகாலிலும் வலியும், காலையில் வெகு நேரம் முதுகு விறைப்பும் சேர்ந்திருந்தால் அது ஒருவகை வாத நோயாக இருக்கலாம். எட்டு முதல் பதினாலு வயதுவரை ஓடியாடும் பிள்ளைகளுக்கு வரும் குதிகால் வலி பெரும்பாலும் வளரும் எலும்பைச் சேர்ந்தது. அதற்கு வைத்தியமும் வேறு.

சிகிச்சை

பத்துப் பேரில் எட்டு ஒன்பது பேர் அறுவை சிகிச்சையின்றியே ஓராண்டுக்குள் தேறிவிடுகிறார்கள். ஆனால் தானாகத் தேறட்டும் என்று இருப்பதைவிட, முறையான பயிற்சி செய்வது மேலானது.

முதலாவது பயிற்சி நீட்டுதல். வலியுள்ள காலை மறுதொடையின்மேல் போட்டு உட்கார்ந்து, விரல்களைக் கையால் பின்னுக்கு வளைத்து, பத்து எண்ணும்வரை பிடித்து விட வேண்டும். இப்படிப் பத்துத் தடவை, நாளொன்றுக்கு மூன்று வேளை. அதில் முதல் வேளை, காலையில் தரையில் கால் வைக்கும் முன்னரே. சுவரில் கைவைத்து, பின்காலை நீட்டிக் கெண்டைக்கால் தசையை இழுப்பதும் நல்லது.

இரண்டாவது, பட்டைக்குப் பலம் கொடுத்தல். ஒரு துண்டைச் சுருட்டிப் படிக்கட்டின் ஓரத்தில் வைத்து, அதன்மேல் விரல்கள் படும்படி ஒற்றைக் காலில் நின்று, மூன்று எண்ணுவதற்குள் குதிகாலை உயர்த்தி, இரண்டு எண்ணும்வரை நிறுத்தி, மூன்று எண்ணுவதற்குள் மெதுவாக இறக்க வேண்டும். இதை ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தால் போதும். டென்மார்க் தேசத்தில் நடந்து 2015-இல் முழுமையாக வெளியான ஓர் ஆய்வில், மூன்று மாத முடிவில் நீட்டும் பயிற்சியை மட்டும் செய்தவர்களைவிட இதைச் செய்தவர்கள் நன்றாகத் தேறியிருந்தார்கள். ஓராண்டு முடிவில் இரு சாராரும் ஏறக்குறைய ஒரே நிலையை அடைந்தார்கள். எதைச் செய்தாலும் பொறுமை வேண்டும் என்பதை இதிலிருந்து அறிகிறோம்.

இவற்றோடு குதிகால் பக்கம் மெத்தென்றிருக்கும் செருப்பு அணிதல், வீட்டிலும் வெறுங்காலில் நடவாதிருத்தல், எடை அதிகமிருந்தால் குறைத்தல் ஆகியவையும் உதவுகின்றன. நம் பகுதியில் சுட்ட செங்கல்லின்மேல் எருக்கிலையை வைத்து மிதிக்கும் வழக்கம் உண்டு. சூட்டினால் சற்று இதமாக இருக்கும். நைந்த பட்டை அதனால் பலப்படாது. நீரிழிவு உள்ளவர்கள் இதைச் செய்யவே கூடாது. பாதம் மரத்திருந்தால் சுடுவது தெரியாமல் வெந்துபோகும்.

ஊசி போட்டுக்கொண்டு ஆடலாமா?

போட்டி நெருங்கும்போது இந்தச் சோதனை வருகிறது. ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியைக் குறைப்பது உண்மைதான். தேவையான இடத்தில் வைத்தியர்கள் அதைப் போடுவதும் உண்டு. ஆனால் அதனால் குதிகாலின் கொழுப்பு மெத்தை தேய்வதற்கும், பட்டையே அறுந்துபோவதற்கும் இடமுண்டு. வலியை அடக்கிக்கொண்டு அன்றைக்கே ஓடினால் அந்த அபாயம் அதிகம்.

டென்னிஸ் வீரர் ரஃபேல் நடால் இடது பாதத்தில் 'முல்லர்-வைஸ்' என்னும் எலும்பு வியாதியோடு பல ஆண்டுகள் ஆடியவர். 2005-இல் அந்த நோய் கண்டறியப்பட்டது. 2022 ஜூன் 5-ஆம் தேதி பதினான்காம் தடவையாகப் பிரெஞ்சு ஓபன் பட்டத்தை வென்றபின், பாதத்தின் நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசிகளோடு ஆடியதாக அவரே சொன்னார். அப்படியே தொடர்ந்து ஆடத் தமக்கு விருப்பமில்லை என்றும் சொல்லி, வேறு சிகிச்சைக்குப் போனார். உலகத்தின் சிறந்த வைத்தியர்களைப் பக்கத்தில் வைத்திருந்தவரே அந்த வழியில் தொடர விரும்பவில்லை என்றால், மைதானத்தின் ஓரத்தில் யாரோ கொடுக்கும் ஊசியையும் மாத்திரையையும் நம்பி ஒரு வாலிபன் தன் காலை ஒப்புக்கொடுக்கலாமா?

வலி தெரியாத பாதத்தின் கதி என்னவென்பதை நம் தமிழ்நாட்டிலேயே கற்றோம். கொல்லிமலையில் 1914-இல் மிஷனெரிப் பெற்றோருக்குப் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946 முதல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளரிடையே ஊழியம் செய்தார். தொழுநோயாளரின் விரல்களும் பாதங்களும் தாமாகவே அழுகி விழுவதாக அந்நாளில் எண்ணினார்கள். உணர்ச்சியற்ற பாதத்தில் காயம்பட்டது தெரியாமல் மேலும் மேலும் நடப்பதாலேயே பெரும்பாலான அழிவு உண்டாகிறது என்று அவர் காண்பித்தார். மெத்தென்ற ரப்பர் செருப்புகளைச் செய்துகொடுத்து எத்தனையோ பாதங்களைக் காப்பாற்றினார்கள். வலி என்பது விரட்டவேண்டிய சத்துரு மட்டுமல்ல, காவல்காரனும்கூட என்பதே அவர் ஆயுள் முழுவதும் போதித்த பாடம். விளையாட்டுக்குத் திரும்புகிறவருக்கும் அந்தக் காவல்காரன் வேண்டும்.

மைதானத்துக்குத் திரும்பும் படிகள்

முப்பத்தைந்து வயதைக் கடந்த ஒரு சகோதரர், வெல்டிங் தொழில் செய்கிறவர், தம் தெருக் குழுவில் பின்வரிசை ஆட்டக்காரர். மூன்று வாரம் ஓய்வெடுத்தார், வலி நின்றது. உடனே போய் ஆட்டம் முழுவதும் ஆடினார். மறுநாள் காலை தரையில் கால் ஊன்ற முடியவில்லை. இவ்வாறு இரண்டு தடவை நடந்தபின், "இனிமேல் எனக்குப் பந்து கிடையாது ஐயா, பூட்ஸைத் தம்பி மகனுக்குக் கொடுத்துவிட்டேன்" என்று கண்கலங்கினார். அவருடைய சிகிச்சையில் குறைவில்லை. ஓய்வில் வலி நின்றதையே சுகம் என்று எடுத்துக்கொண்டதுதான் சிக்கல். ஓய்வு வலியை நிறுத்தும். பட்டைக்குப் பலம் கொடுக்காது. அந்தப் பலம் படிப்படியாகத்தான் வரும்.

முதற்படி நடை. அரை மணி நேரம் வேகமாக நடந்து, மறுநாள் காலை முதல் அடியில் வலி கூடாதிருக்க வேண்டும். வலித்த காலில் நின்று குதிகாலை உயர்த்துவது மறுகாலைப் போலவே முடியவேண்டும். அந்த ஒற்றைக் காலில் குதிக்கவும் முடியவேண்டும்.

இரண்டாம் படி ஓட்டம். ஒரு நிமிடம் மெதுவாக ஓடி, ஒரு நிமிடம் நடந்து, இப்படிப் பத்துத் தடவை. ஒருநாள் ஓட்டம், ஒருநாள் ஓய்வு. நடக்கும் நேரத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே வரலாம்.

மூன்றாம் படி பந்து. முதலில் நின்று பாஸ் கொடுத்தல், பிறகு பந்தை உருட்டிக்கொண்டு ஓடுதல், பிறகு திடீரென்று திரும்புதல், கடைசியாக முழு வேக ஓட்டமும் கோலடித்தலும்.

நான்காம் படி ஆட்டம். பதினைந்து இருபது நிமிடம், பிறகு பாதி ஆட்டம், பிறகு முழு ஆட்டம். கட்டாந்தரையில் நீண்ட ஸ்டட் வைத்த பூட்ஸ் வேண்டாம். அடியில் சிறு சிறு குமிழ்கள் உள்ள டர்ஃப் ஷூ மேல். தேய்ந்த கேன்வாஸ் ஷூவும் வெறுங்காலும் ஆகாது.

இவ்வளவுக்கும் ஒரே ஒரு பரிசோதனை போதும். வலியைப் பூஜ்யம் முதல் பத்துவரை மதிப்பிட்டால், ஆடும்போது மூன்றுவரை இருக்கலாம் என்பது பிசியோதெரபி ஊழியர் சொல்லும் அளவு. ஆனால் மறுநாள் காலை முதல் அடி முந்தின நாளைவிட அதிகமாக வலித்தால், ஒரு படி பின்னுக்குப் போகவேண்டும். இதற்கு இரண்டு மூன்று மாதமும் ஆகும், அதற்கு மேலும் ஆகும். அலங்கார வாசலண்டையிலே இருந்த சப்பாணி உடனே குதித்தெழுந்து நடந்ததாக வேதத்தில் படிக்கிறோம். நம்மில் மற்றவர்களுக்கோ ஆண்டவர் படிக்கட்டைத்தான் கொடுத்திருக்கிறார்.

காத்திருந்த ஒரு வீராங்கனை

பெரிய வீரர்களுக்கும் இதுவே வழி. நமது பாட்மிண்டன் வீராங்கனை பி. வி. சிந்து 2022 ஆகஸ்டு 8-ஆம் தேதி பர்மிங்காமில் காமன்வெல்த் தங்கம் வென்றபோது, அவருடைய இடது கணுக்காலில் மயிரிழை முறிவு இருந்தது. அந்த மாதமே டோக்கியோவில் நடந்த உலகப் போட்டிக்கு அவர் போகவில்லை. ஏறக்குறைய ஐந்து மாதம் காத்திருந்து, 2023 ஜனவரியில் மலேசிய ஓபனில் திரும்பி வந்தார். முதல் சுற்றிலேயே தோற்றார். மறுபடியும் ஒரு பட்டத்தைக் கையில் எடுத்தது 2024 டிசம்பரில், லக்னோவில் நடந்த சையத் மோடி போட்டியில்தான். திரும்பி வருவது ஒன்று, பழைய ஆட்டம் திரும்புவது வேறொன்று. இதை முன்கூட்டியே அறிந்திருந்தால், முதல் நாளில் பந்து காலுக்கு அகப்படாதபோது மனம் உடைந்துபோகாது.

நான் சொன்ன வெல்டிங் சகோதரர் அந்தப் படிகளில் மூன்று மாதத்துக்கு மேலாக ஏறினார். இப்போது பாதி ஆட்டம் ஆடுகிறார். மீதிப் பாதியில் கோட்டுக்கு வெளியே நின்று பிள்ளைகளைச் சத்தம் போட்டு நடத்துகிறார். பூட்ஸைத் திரும்பக் கேட்கவில்லை, புதிதாக டர்ஃப் ஷூ வாங்கிக்கொண்டார்.

நண்பர்களே, இந்த வைத்தியத்தில் பெரிய இயந்திரம் ஒன்றும் இல்லை. ஒரு படிக்கட்டும் ஒரு துண்டும் ஒரு சோடி நல்ல செருப்பும் போதும். ஆனால் அருகே நின்று எண்ணவும், அவசரப்படுகிறவரைத் தடுக்கவும், சோர்ந்துபோகிறவரை அடுத்த வாரமும் வரச்சொல்லவும் பயிற்சி பெற்ற ஒருவர் வேண்டும். நீங்கள் அனுப்பும் காணிக்கை இங்கே பெரும்பாலும் அந்த ஒருவருடைய நேரமாகவே செலவாகிறது.

கிறிஸ்துவின் அன்பில்,
ஆஸ்பத்திரி குருவானவர்