உங்களுக்குத் தெரியுமா? மெழுகுச் சித்திரம் வாங்கித் தந்த மனை

தாம்பரத்துக்குக் கிழக்கே, ஈஞ்சம்பாக்கத்துக் கடலோரத்தில் 1966-ஆம் ஆண்டு ஸ்தாபிக்கப்பட்ட சோழமண்டல ஓவியர் கிராமத்துக்கு நிலம் வாங்கும் திரவியத்தைப் பெரிதும் ஈட்டித் தந்தவை, அங்குக் குடியேறிய கலைஞர்களின் ஓவியங்கள் அல்ல. மாலை வேளைகளில் அவர்கள் செய்து விற்ற பாத்திக் துணி முதலான கைவினைப் பொருள்களே!

● நீர்வண்ண நிலக்காட்சிகளால் இளமையிலேயே கீர்த்தி பெற்று, பின்னர்ச் சென்னை அரசினர் கவின்கலைக் கல்லூரியின் முதல்வராக விளங்கிய கே.சி.எஸ். பணிக்கர், ஓவியத்தை மட்டும் நம்பி ஜீவனம் நடத்த இயலாத தம் மாணாக்கர்களுக்குக் காட்டிய உபாயம் இது.

● உருக்கிய மெழுகால் துணியில் சித்திரம் தீட்டி, சாயத்தில் தோய்த்து, மெழுகு படிந்த இடம் மட்டும் நிறமேறாமல் நிற்கச் செய்வதே பாத்திக். வெந்நீர்ச் சாயம் மெழுகை இளக்கிவிடுமாதலால் ஆறிய சாயமே உகந்தது. வெளிர் நிறத்தில் தொடங்கி அடர் நிறத்தில் முடிப்பது முறை. மெழுகு வெடித்த கீற்றுகளில் சாயம் புகுந்து உண்டாக்கும் நரம்புக் கோடுகள் தோஷமல்ல, அக்கலையின் தனி லக்ஷணமே.

● கைத்தொழிலைத் தாமே பரீக்ஷித்துப் பார்க்க விரும்புவோர், ஓவியர் கிராமம் அமைந்த கிழக்குக் கடற்கரைச் சாலையில் மேலும் தெற்கே சென்றால், முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தக்ஷிணசித்ரா என்னும் கலை அருங்காட்சியகத்தில் மண்பாண்டம் வனையவும் ஓலை முடையவும் பழகலாம்.