குடத்தில் இல்லாத பெயர்கள்

வரலாறு என்றவுடன் மாணவியராகிய நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவன ஆண்டுகளும் அரசர் பெயர்களுமே. தேர்வு முடிந்த மறுநாளே அவை மறந்துபோகின்றன. ஆனால் ஒரு பாடத்தினுள் இருக்கும் பெருங்கருத்தைக் கண்டுபிடித்து, அதைச் சுற்றிச் சில வினாக்களை எழுப்பினால், பாடம் மனத்தில் நிலைக்கும். நம் ஊரும் நமக்கு விளங்கும். கீழ் வகுப்பில் நாம் படித்த குடவோலை முறையையே எடுத்துக்கொள்வோம்.

முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், உத்திரமேரூர்ச் சபை தன் தேர்தல் விதிகளைக் கோயில் சுவரில் பொறித்தது. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் இடமில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே எத்தகைய நேர்மை!

'குறிப்பு வரைக' என்ற வினாவுக்கு இவ்வளவு எழுதினால் போதும். ஆனால் இப்பாடத்தின் பெருங்கருத்து, 'ஊரை ஆளும் உரிமை யாருக்கு?' என்பதாகும். அதை வைத்து மூன்று வினாக்கள் கேட்போம்.

முதலாவது: யார் விடுபட்டனர்? வரி செலுத்தும் சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, வேத அறிவு, 35 முதல் 70 வரை வயது ஆகியவை தகுதிகள். அப்படியானால் நிலமின்றி உழைத்தவர் பெயர் குடத்தில் இல்லை. நம்மைப் போன்ற பெண்களின் பெயரும் இல்லை.

இரண்டாவது: இது நமக்கு எப்படித் தெரிகிறது? கல்வெட்டைப் பொறித்தது சபையே. விடுபட்டவர்கள் என்ன நினைத்தார்கள் என்று அச்சுவர் கூறவில்லை. பேசாதவர்களும் வரலாற்றில் வாழ்ந்தவர்களே.

மூன்றாவது: இன்று மாறியிருப்பது என்ன? இதற்கு விடை நம் குத்தம்பாக்கத்திலேயே உண்டு. அரசியலமைப்பின் 73ஆம் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது. வாக்காளர் பட்டியலில் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபை உறுப்பினர் ஆயினர். 1996 தேர்தலில் ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்த பொறியாளர் இளங்கோ ரங்கசாமி இங்கே ஊராட்சித் தலைவரானார். அவர் காலத்தில் அமைந்த சமத்துவபுரத்தில் இரட்டை வீடுகள் கட்டப்பட்டன. ஊரென்றும் சேரியென்றும் பிரிந்து வாழ்ந்த குடும்பங்கள் ஒரே சுவரின் இருபுறமும் குடியேறின. இறைவனின் பிள்ளைகள் அனைவரும் சமம் என்று நாம் செபிப்பது இங்கே செங்கல்லும் சுண்ணாம்புமாக எழுந்தது எனலாம்.

ஆயினும் வினா முடிந்துவிடவில்லை. சுவர் ஒன்றானால் மனமும் ஒன்றாகிவிடுமா? தமிழகத்தில் 2016இல் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என்று சட்டம் வந்தது. தலைவியின் நாற்காலியில் அமர்ந்து பேசுபவர் அவரா, அவர் கணவரா? இவ்வினாக்களுக்குப் பாடநூலின் பின்பக்கத்தில் விடை இராது. வீட்டில் பெற்றோரிடமும் பாட்டியிடமும் கேட்டுத்தான் அறிய வேண்டும்.

அன்புத் தோழியரே! இன்னும் மூன்றாண்டுகளில் நமக்கு 18 வயது நிறையும். கிராமங்களில் வாழும் நாம் கிராம சபையில் அமர்வோம். அன்று எழுந்து நின்று கேட்பதற்கு, இன்று வகுப்பறையிலேயே கேட்டுப் பழகுவோமாக!