கடலில் இறங்கியதும் பயணம் முடிவதில்லை

2024 பிப்ரவரி 27 அன்று, திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் இந்தியாவின் மனித விண்வெளித் திட்டமான ககன்யானின் வீரர்கள் நால்வரின் பெயர்கள் அறிவிக்கப்பட்டன. அதன்பின் ராக்கெட்டைப் பற்றி நிறையப் பேசுகிறோம். கலம் கடலில் இறங்கி, மீட்புக் குழு கதவைத் திறக்கும்வரையுள்ள நேரத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அந்தக் காத்திருப்பில் வீரர்களை வாட்டக்கூடியது புழுக்கம். ஏவுதலுக்குக் காட்டும் கண்டிப்பை இதற்கும் காட்ட வேண்டும்.

சுற்றுப்பாதையில் கலத்தின் சூட்டை விண்வெளிக்குக் கடத்தும் சேவைப் பகுதி, பூமிக்குத் திரும்பும் முன்பே கழன்றுவிடும். மிஞ்சுவது மூடிய சிறு அறை. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடலே சுமார் 100 வாட் வெப்பத்தை வெளிவிடும். கலத்தில் செல்லக்கூடிய மூவருக்கு 300 வாட். கருவிகளின் சூடு தனி. வளிமண்டலத்தில் நுழைந்தபோது வெளிச்சுவர் வாங்கிய வெப்பமும் மெல்ல உள்ளே இறங்கும். கோடையில் நம் கடல்நீரே 30 டிகிரியைத் தொடும். மூச்சிலும் வியர்வையிலும் அறைக்குள் ஈரம் ஏற ஏற, வியர்வை உலராது. உலராத வியர்வை உடலைக் குளிர்விக்காது. எடையற்ற நிலையில் இருந்து வந்தவருக்கு இரத்தத்தின் நீர்ப்பங்கும் குறைந்திருக்கும். வெளிச்சுவரின் வெப்பம் இப்படி உள்ளே இறங்குவதை அறியவே 2022 டிசம்பரில், ஆளின்றித் திரும்பிய ஓரியன் கலத்தை நாசா சுமார் இரண்டு மணி நேரம் கடலிலேயே மிதக்கவிட்டு வெப்பத்தை அளந்தது.

மீட்புக் கப்பல் அருகில்தானே நிற்கும் என்று கேட்கலாம். ஆனால் 1962இல் அமெரிக்க விண்வெளி வீரர் ஸ்காட் கார்ப்பென்டர் குறித்த இடத்திலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் தள்ளி இறங்கி, ஏறக்குறைய மூன்று மணி நேரம் காத்திருந்தார். கதவைத் திறந்துகொள்ளலாமே என்றால், அலை உள்ளே புகும். வெளியே நச்சுவாயுவும் இருக்கலாம். 2020 ஆகஸ்டில் வீரர்களுடன் திரும்பிய அமெரிக்காவின் டிராகன் கலத்தைக் கப்பலில் ஏற்றிய பிறகும், எரிபொருள் ஆவி தென்பட்டதால் கதவு தாமதமாகவே திறந்தது. வெளிக்காற்றை இழுக்கும் மின்விசிறி போதும் என்பதும் முழுப் பதிலாகாது: 2023 அக்டோபர் 21 அன்று நடந்த ஆளில்லாச் சோதனையில் நம் கலம் வங்கக் கடலில் தலைகீழாகக் கிடந்தது. அப்படிக் கிடந்தால் காற்று வாங்கும் துளையே நீருக்குள் போய்விடலாம்.

குளிர்விக்கும் கருவியைச் சேர்த்தால் எடை கூடும் என்ற மறுப்பு நியாயமானது. ஒவ்வொரு கிலோவுக்கும் ராக்கெட்டில் விலை உண்டு. ஆனால் இறங்கியதும் தேவையற்ற கருவிகளை அணைத்தால் சூடும் குறையும், பேட்டரியும் மிஞ்சும். அந்த மிச்சத்தைக் குளிர்விக்கச் செலவிடலாம். எவ்வளவு நேரம் குளிர்விக்க வேண்டும் என்பதைச் சராசரி மீட்பு நேரத்தை வைத்துக் கணக்கிடக் கூடாது. மிக மோசமான தாமதமே அளவாக வேண்டும். ஏப்ரல், மே வெயிலில், நம் கடலில், விண்வெளி உடையணிந்தவர்களை மருத்துவர் கண்காணிப்பில் மூடிய கலத்துக்குள் உட்காரவைத்துச் சோதித்த பிறகே வீரர்களை அனுப்ப வேண்டும்.