போன்ல கேட்காது... மேடையில இல்லைன்னா தெரியும்! பாஸ் கிட்டார் ரகசியங்கள்

ஒரு சின்ன டெஸ்ட். உங்களுக்குப் பிடிச்ச எண்பதுகள் இளையராஜா பாட்டு ஒண்ணை போன் ஸ்பீக்கர்லயே ஓடவிடுங்க. குரல் கேட்கும், வயலின் கேட்கும். இப்போ நல்ல இயர்போனை மாட்டிட்டு அதே பாட்டைக் கேளுங்க. அடியில யாரோ ஒருத்தர் தன் பாட்டுக்கு நடந்துட்டே இருக்கிற மாதிரி ஒரு சத்தம் வருதா? அதுதான் பாஸ் கிட்டார். ராஜா பாடல்கள்ல அப்படி நடந்தவர் பெரும்பாலும் சசிதரன். ரஹ்மான் பாடல்கள்ல பல வருஷமா அந்த வேலையைச் செஞ்சவர் கீத் பீட்டர்ஸ். ரஹ்மானோட மேடைகள்ல வாசிச்ச மோகினி டேயின் வீடியோவை ரீல்ஸ்ல நீங்களே பார்த்திருப்பீங்க.

போன்ல ஏன் கேட்கலை? நாலு கம்பி பாஸ்ல தடிமனான கம்பியைச் சும்மா தட்டினா வர்றது 41 ஹெர்ட்ஸ். போனுக்குள்ள இருக்கிற குட்டி ஸ்பீக்கர் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே போனாலே திணறிடும். மேலே மிச்சமிருக்கிற அதிர்வுகளை வெச்சு, ‘அடியில இந்த ஸ்வரம் இருக்கணும்’னு நம்ம மூளையே ஊகிச்சுக்குது.

இந்தக் ‘கேட்காத’ குணம்தான் பாஸ்காரரோட பிழைப்புக்கே எதிரி. பழனி - உடுமலை ரோட்டுல இருக்கிற எங்க நெய்க்காரப்பட்டி பக்கம், மாரியம்மன் நோம்பி வந்தா மெல்லிசைக் கச்சேரி கேட்கிறது வழக்கம். கமிட்டி பேசின தொகையைக் குறைச்சா, வேனை விட்டு முதல்ல இறங்கறது பாஸ்காரர்தான். “கீபோர்டு அண்ணன் இடது கையில பார்த்துக்குவார்”, “அதான் மைனஸ் டிராக் இருக்குல்ல தம்பி”ன்னு பதில் ரெடியா இருக்கும்.

டிராக்ல சுத்தமான பாஸ் இருக்குங்கிறது வாஸ்தவம்தான். ஆனா, டிராக் யாருக்காகவும் காத்திருக்காது. இரண்டாவது சரணத்துக்கு முன்னாடி கமிட்டித் தலைவருக்குப் பொன்னாடை போத்த நாலு பேர் மேடை ஏறுவாங்க. பாடகர் பல்லவியைத் திரும்ப எடுப்பார். ஆள் வாசிச்சா, அதே நாலு கார்டைச் சுத்திட்டே நின்னு, பாடகர் மைக்கைத் தூக்கின கணத்துல சரணத்துக்குள்ள இறங்கிடலாம். எனக்குத் தெரிஞ்சு லைவ்ங்கிற வார்த்தைக்கு அர்த்தமே இதுதான்.

சரி, என்ன வாங்கலாம்? லியோ ஃபெண்டர் 1951-ல கொண்டுவந்த பிரிசிஷன் பாஸ்தான் இன்னிக்கும் பாதி பாஸ்களுக்குத் தாத்தா. அதே வடிவத்துல விலை குறைவா வர்றது எதுவா இருந்தாலும் தொடங்கப் போதும். அமெரிக்காவுல மோட்டவுன் பாடல்களுக்கு வாசிச்ச ஜேம்ஸ் ஜேமர்சன், ஒரே விரல்ல, கம்பியைக்கூட லேசுல மாத்தாம வாசிச்சவர். பிராண்டுக்குக் கொட்டற காசுல கொஞ்சத்தை எடுத்து அகலமான ஸ்ட்ராப் வாங்குங்க. நாலு கிலோவுக்கு மேல எடை, மூணு மணி நேரம் ஒரே தோள்ல தொங்கும். ஆக்டிவ் பாஸ்னா உள்ளே 9 வோல்ட் பேட்டரி இருக்கும். கேபிளைச் செருகியே வெச்சிருந்தா அது பாட்டுக்குக் கரைஞ்சுட்டே இருக்கும்.

ஐந்து கம்பி பாஸ் வெறும் பந்தானு சிலர் சொல்றாங்க. நம்ம மேடைக்கு அது பந்தா இல்லை. பாட்டு மூணு கட்டையில, அதாவது ‘ஈ’ல இருக்குன்னு வைங்க. பாடகருக்குத் தொண்டை கட்டிக்கிச்சு, “ஒரு கட்டை இறக்கிக்கலாம்”ங்கிறார். இப்போ பாட்டு ‘டி’. நாலு கம்பி பாஸ்ல அந்தக் கீழ் ‘டி’ கிடையாது, மேல் ‘டி’யை வாசிச்சா பாட்டு மெலிஞ்சுபோகும். ஐந்தாவது கம்பி 31 ஹெர்ட்ஸ் வரைக்கும் போறதால அந்த ‘டி’ கைக்குள்ளயே இருக்கும்.

வாசிப்புல நம்ம மேடைக்குன்னே ஒரு சிக்கல் உண்டு. டோலக்கோட தடித்த பக்கம், தபேலாவோட இடது பக்கம், பேட்ல விழற கிக்... எல்லாம் பாஸ் வாழற அதே தரைத்தளத்துலதான் குடியிருக்கு. எல்லாரும் நீட்டி முழக்கினா ஒரே களேபரம். அதனால டோலக் இழுக்கும்போது நான் ஸ்வரத்தைச் சட்டுன்னு விரலால அமுக்கி நிறுத்திடுவேன். எந்த ஸ்வரத்தை வாசிக்கிறோங்கிறதுல பாதி கவனம்னா, அதை எப்போ நிறுத்தறோங்கிறதுல மீதி. 41 ஹெர்ட்ஸ் அலையோட நீளம் சுமார் 28 அடி. கல்யாண மண்டபத்துச் சுவர்கள்ல அது மோதித் திரும்பி, ஒரு மூலையில அதிரும், இன்னொரு மூலையில காணாமப் போயிடும். திறந்தவெளிக் கோயில் மைதானத்துல அப்படித் திருப்பியடிக்கச் சுவர் இல்லை. அதுக்காக மேடையில ஆம்ப்பை முறுக்காதீங்க, பாடகருக்கு ஸ்ருதி கேட்காது. ஒரு டி.ஐ. பாக்ஸ் வழியா நேரா மிக்ஸருக்கு அனுப்பிடுங்க. நீளமான கேபிள்லயும் இரைச்சல் ஏறாம போகும்.

அடுத்து கரன்ட். ஜெனரேட்டர்ல ஓடற மேடையில ‘உர்ர்ர்’னு ஒரு சத்தம் வந்தா, யாராவது ஒருத்தர் மூணு பின் பிளக்கோட எர்த் பின்னைக் கழற்றிவிடச் சொல்வார். சத்தம் நின்னுடவும் செய்யும். தயவுசெஞ்சு அதை மட்டும் அனுமதிக்காதீங்க. பாஸ் கம்பிகள் கேபிள் வழியா ஆம்ப்போட உலோக உடம்புகூட இணைஞ்சிருக்கு. எர்த் இல்லாத ஆம்ப்ல கோளாறு வந்தா, கம்பியிலயே கரன்ட் நிக்கும். ஒரு கையில கம்பி, உதட்டுல மைக்னு இருக்கிற ஆள்தான் அப்போ ஒயர். ஸ்டோன் த குரோஸ் குழுவோட கிட்டாரிஸ்ட் லெஸ் ஹார்வி 1972-ல வேல்ஸ் நாட்டு ஸ்வான்சீயில மேடையிலேயே இறந்தது, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டதால.

ஹம் வந்தா டி.ஐ. பாக்ஸ்ல இருக்கிற ‘கிரவுண்டு லிஃப்ட்’ சுவிட்சைத் தட்டுங்க. அது சிக்னல் ஒயரோட கிரவுண்டை மட்டும்தான் பிரிக்கும், பிளக்கோட எர்த் அப்படியே இருக்கும். மேடைக்கு வர்ற லைன்ல 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கானு மைக்செட் அண்ணன்கிட்ட கேளுங்க. சவுண்டு செக்குக்கு முன்னாடி, மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்ல வெச்சு ஒரு முனையைக் கம்பியிலயும் இன்னொண்ணை மைக்கோட வலையிலயும் வைங்க. சில வோல்ட்டுக்கு மேல காட்டினா வாசிக்க வேண்டாம், எலெக்ட்ரீஷியன் வரட்டும். “ஊரே உட்கார்ந்திருக்கு, ஆரம்பிப்பா”னு சத்தம் வரும். வரட்டும்.

நேரமும் முன்னே மாதிரி இல்லை. 2000-ம் வருஷ ஒலி மாசு விதிகள்படி இரவு 10 மணிக்கு மேல ஒலிபெருக்கி கூடாது. திருவிழா மாதிரி நாள்களுக்கு மாநில அரசு வருஷத்துல 15 நாள் வரைக்கும் நள்ளிரவு 12 வரை தளர்த்தலாம். அந்த அனுமதியைக் கமிட்டி கையில வாங்கி வெச்சிருக்கானு பாட்டு லிஸ்ட் போடும்போதே கேட்டுடுங்க. இல்லைன்னா ஒன்பதரைக்குள்ள குத்துப் பாட்டுக்கு வந்துடணும். அப்போ விரல் சூடேற உங்களுக்குக் கிடைக்கிறது முதல்ல வர்ற ரெண்டு சாமி பாட்டு மட்டும்தான்.